ஹாலில் இருந்த ஒரே ஆணி

சனிக்கிழமை பகல் ஒரு மணி ஏழு நிமிடம். கைப்பேசித் திரையில் முதலில் கண்ணில் பட்டது அந்த நேரம்தான். சுவரில் ஒரு படம் வாங்கி மாட்டியதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஆலையின் லாக்கரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் மின்னணு ஆலையில், உள்ளே போகும்போது கைப்பேசியைப் பூட்டி வைத்துவிட்டுப் போகவேண்டும். பினாங்குக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் எனக்குப் பழகாத ஒன்று இது. கரூரில் துணி ஏற்றுமதி நிறுவனத்தில் இருந்தபோது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பத்து நிமிடத்தில் யாராவது மேசைக்கே வந்து சொல்லிவிடுவார்கள். இங்கே வேலை முடிகிறவரை உலகத்தில் எது நடந்தாலும் அது லாக்கருக்குள் எனக்காகக் காத்துக் கிடக்கும். அன்று அரை நாள் வேலை. லாக்கரைத் திறந்தேன். அறுபத்தொரு தவறிய அழைப்புகள்.

அறுபத்திரண்டாவது அழைப்பு என் கையிலேயே அதிர்ந்தது. கரூரிலிருந்து அண்ணன்.

"அம்மிணி..." என்றார். அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. அண்ணன் அழுது நான் கேட்டது அம்மா இறந்த அன்றைக்குத்தான்.

"என்னங்கண்ணா? யாருக்கு என்ன?"

"எப்படி அம்மிணி ஆச்சு? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலையா? எப்ப எடுக்கறாங்க?"

"யாரைங்கண்ணா?"

"நம்ம நிவேதாவை..." என்றவர் முடிக்கவில்லை. அண்ணி வாங்கிப் பேசினார். "வசந்தி, மனசக் கல்லாக்கிக்கோ சாமி. நீ வேற தனியா இருக்கற."

"யாருங்கண்ணி சொன்னது?"

"ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. காத்தால பாத்ததுமே உங்கண்ணன் அப்படியே உக்காந்துட்டாரு. இன்னும் பச்சத்தண்ணி குடிக்கல."

நிவேதா எங்கள் ஒரே மகள். இருபது வயது. ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். அன்று காலை பத்து மணிப் பேருந்தில் கிளம்பி பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து ஃபெர்ரியில் தீவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். கல்லூரியில் சேர்த்தபோது விண்ணப்பத்தில் அவசரத்துக்கு இரண்டு எண்கள் கேட்டார்கள். ஒன்று என்னுடையது. மிரி நகரக் கரைக்கு அப்பால் எண்ணெய் மேடையில் வேலை செய்யும் என் கணவரை மாதக்கணக்கில் கடலில் பிடிக்க முடியாது என்பதால், இரண்டாவதாக அண்ணனின் எண்ணைக் கொடுத்திருந்தேன். என் கைப்பேசி பூட்டிக் கிடந்திருக்கிறது. அவர்கள் அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இப்படித்தான் எனக்குப் புரிந்தது. நெடுஞ்சாலை, பேருந்து, கவிழ்ந்து கிடக்கும் சக்கரங்கள் எல்லாம் அந்த ஒரு கணத்தில் கண்முன் வந்து நின்றன.

நிவேதாவின் எண்ணை அழுத்தினேன். இணைப்பில் இல்லை என்று ஒரு பெண்குரல் மலாயில், யாரையும் எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல் மென்மையாகச் சொன்னது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே மென்மை. நான் லாக்கர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாயிலில் இருந்த மலாய்க் காவலர் ஓடி வந்தார். எனக்கு எந்த மொழியும் வரவில்லை. திறந்து கிடந்த லாக்கரைக் கையால் காட்டினேன். அவர் என் பொருள் ஏதோ களவு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார். டார்ச் அடித்து லாக்கருக்குள் பார்த்தார். பக்கத்து லாக்கர்களை இழுத்துப் பார்த்தார். குனிந்து அடியிலும் தேடினார். பாவம், வேர்க்க வேர்க்கத் தேடினார். இன்றும் அவரைப் பார்க்கும்போது தலைகுனிந்துதான் கடந்து போகிறேன்.

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டில் இருப்பவர் சரோஜா அக்கா. சுங்கை பினாங்கில் பிறந்து வளர்ந்தவர், பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் வழக்கப்படி 'லா' சேர்ப்பவர். பள்ளி வேன் ஓட்டுகிறார். சனிக்கிழமை அவருக்கு ஓட்டம் இல்லை. அவரைக் கூப்பிட்டேன்; நான் பேசியது பாதிகூடப் புரிந்திருக்காது. இருபது நிமிடத்தில் வேனோடு ஆலை வாசலில் நின்றார்.

"போலீஸ் கூப்புட்டாங்களா?"

"இல்லக்கா."

"ஹாஸ்பிட்டல்?"

"இல்ல."

"அப்புறம் என்னா லா? இங்க இருக்குற ஒனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, கரூருக்கு மட்டும் எப்படி தெரியும்? ரேடியோவுல சொன்னாங்களா?"

"காலேஜ்ல இருந்து அண்ணனுக்குச் சொல்லியிருக்காங்க அக்கா."

"சரி, வீட்டுக்குப் போயி பாஸ்போர்ட், பேப்பர் எல்லாம் எடு. நேரா ஈப்போவுக்கு வுடுறேன். அழுவாத. நீ அழுதா எனக்கு ஜாலான், ரோடு தெரிய மாட்டுது."

வழியெல்லாம் நான் நிவேதாவின் எண்ணையே அழுத்திக்கொண்டு வந்தேன். இடையில் விடுதிக் காப்பாளர் கிடைத்தார். மாணவிகள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள், அதற்கு மேல் எதுவும் தெரியாது என்றார். என் அண்ணனை யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். அது எனக்கு ஆறுதலாகப் படவில்லை. இவருக்கே இன்னும் செய்தி வரவில்லை என்றுதான் நினைத்தேன்.

கதவைத் திறந்ததும் நான் அறைக்குள் ஓடினேன். பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஹாலில் நடந்துகொண்டிருந்த சரோஜா அக்கா நின்றுவிட்டது தெரிந்தது. பிறகு, அதுவரை நான் கேட்டிராத தணிந்த குரலில் கூப்பிட்டார்.

"வசந்தி, இங்க வா. இது எப்ப மாட்டுன?"

அவர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த வீட்டை எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்த சீனப் பெரியவர், முதல் நாளே ஒவ்வொரு சுவராக விரலால் தட்டிக் காட்டி, ஆணி அடிக்கக்கூடாது என்றார். ஹாலில் மட்டும் முந்தைய குடித்தனக்காரர்கள் அடித்த ஒரு ஆணி இருந்தது. போதும் என்றோம். எப்படியும் இரண்டே ஆண்டுகள்தானே இருக்கப்போகிறோம் என்று நினைத்தோம். புலம்பெயர்ந்து வாழும் உங்களில் பலருக்கு இது புரியும். சுவரை வெறுமையாக வைத்திருப்பது, ஊருக்குத் திரும்புவோம் என்று நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் வாக்கு. நிவேதாவுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது ஒருநாள் கேட்டாள்: "என் ஃபிரண்ட்ஸ் வீட்லலாம் சுவத்துல ஏதாச்சும் இருக்கும்மா. நம்ம வீடு மட்டும் நேத்து குடிவந்த மாதிரியே இருக்கு லா." ஊரில் போய் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்தேன். அவள் கல்லூரிக்குப் போன பிறகு, ஹாலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது அந்தச் சுவர் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது.

அதனால்தான் முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கிடங்கில் நடக்கும் சந்தைக்குப் போனேன். யாருடைய கடையையும் சாராத இளம் ஓவியர்கள் தாங்களே மேசை போட்டு, தங்கள் படங்களை விற்கிறார்கள். கயிற்றில் துணி காயப்போடுவதுபோல் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கரூரில் சுவருக்கென்று காசு கொடுத்துப் படம் வாங்கிய ஒருவரையும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தவை நகைக்கடைக் காலண்டர்கள், கல்யாண வீட்டில் வந்த கடிகாரங்கள், சாமி படங்கள், போனவர்களின் படங்கள். பெரிய ஓவியங்களின் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. இவையோ அச்சுப் படங்கள். ஒரு ரப்பர்த் தகட்டில் கையால் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கிறார்கள். நாற்பத்தைந்து வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, ஒருவரின் கைவேலை நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

மூன்றாவது மேசையில் நிவேதாவைப் பார்த்தேன்.

ஃபெர்ரியின் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் பெண். கறுப்பு மையில் முகம் மட்டும் பெரிதாக. காற்றில் முடி பறக்க, பாதி திரும்பி நம்மைப் பார்க்கிறாள். கீழுதட்டை லேசாகக் கடித்திருக்கிறாள்; நிவேதா அப்படித்தான் கடிப்பாள். மேசைக்குப் பின்னால் நகக்கண்ணில் மை படிந்த ஒரு சீனப் பெண் உட்கார்ந்திருந்தாள். இது என் மகள் என்றேன். "உங்க டாட்டரா ஆண்ட்டி? சோ லக்கி!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். ஃபெர்ரியில் ஒருநாள் பார்த்த முகம், கரை வருவதற்குள் நோட்டில் வரைந்துகொண்டேன், பெயர் கேட்கவில்லை என்றாள். படத்தின் கீழே பென்சிலில் ஆறு, ஒரு சாய்கோடு, முப்பது என்று எழுதியிருந்தது. முப்பது பிரதிகளில் ஆறாவது என்றாள். அசல் எங்கே என்று கேட்டேன். எல்லாமே அசல்தான் என்று சிரித்தாள். எனக்கு அது சரியாகப்படவில்லை. என் மகளின் முகம் இன்னும் இருபத்தொன்பது வீடுகளில் தொங்கப்போகிறதா? மீதியை யார் வாங்குவார்கள் என்று கவலையோடு கேட்டேன். அவள் அதை ஆசை என்று எடுத்துக்கொண்டு, இரண்டாக வாங்கினால் விலை குறைக்கிறேன் என்றாள். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜெலுத்தோங் கடையில் அந்த அளவுக்குக் கறுப்புச் சட்டம்தான் இருந்தது. வீட்டில் இருந்தது அந்த ஒரே ஆணி. ஆணிக்குக் கீழே இருந்தது சாமி படங்களும் விளக்கும் வைத்த சிறு அலமாரி. வெள்ளிக்கிழமை மாட்டினேன். சனிக்கிழமை விடியலில் குளித்துவிட்டு விளக்கேற்றியபோது, சுடரின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு அவள் முகம் அப்படி மின்னியது. கைப்பேசியில் எடுத்தேன். சாமி படங்கள் பாதி பாதியாக விழுந்தது அழகாக இல்லை என்று வெட்டிவிட்டேன். விளக்குச் சுடர், முந்தின நாள் மல்லிகைச் சரம், அதற்கு மேலே முகம். 'நம்ம நிவேதா' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினேன்.

"தங்கச்சி," என்றார் சரோஜா அக்கா, "கறுப்பு ஃபிரேமு, பூவு, வெளக்கு. இப்படி யாருக்கு மாட்டுவாங்க லா? சொல்லு."

எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அம்மா இறந்தபோது பெரிதாக்குவதற்கு அவரைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குழுப் படத்திலிருந்து ஸ்டுடியோக்காரர் அம்மாவை வெட்டி எடுத்தார். இன்றும் அண்ணன் வீட்டு ஹாலில் அம்மாவின் இடது பக்கம் யாரோ ஒருவருடைய பட்டுச்சேலைத் தோள் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே ஒரு சின்ன சிவப்பு விளக்கு. அந்த அம்மாதான், பள்ளியில் பரிசு வாங்கியபோது எடுத்த என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லி நான் அடம்பிடித்தபோது முதுகில் ஒன்று வைத்து, "உசுரோட இருக்கறவங்களத் தனியா மாட்டுவாங்களா?" என்று திட்டியவர். எனக்கு அந்த அடி நினைவிருக்கிறது. அடித்த காரணம்தான் ஒன்பது ஆண்டுகளில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. ஓவியச் சந்தையில் நின்ற என் கண் ஒரு அழகான படத்தைப் பார்த்தது. அதே படத்தைக் கரூரில் விடியலில் பார்த்த என் குடும்பம் வேறு எதைப் பார்த்திருக்க முடியும்? அவர்கள் நிவேதாவை நேரில் பார்த்தே ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். "அண்ணா, அது சும்மா அழகுக்கு மாட்டுன படமுங்கண்ணா. சந்தையில வாங்குனது. ஒண்ணும் ஆகலைங்கண்ணா."

அண்ணனுக்குப் பின்னால் பல பேர் பேசும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள்.

"அப்படியா அம்மிணி," என்றார் அண்ணன். புத்தி தடுமாறியவரிடம் பேசுவதுபோல் மெதுவாகக் கேட்டார். "சரி. அப்ப புள்ளைகிட்ட ஃபோனைக் குடு. ஒரு வார்த்தை மாமான்னு சொல்லச் சொல்லு."



"பஸ்ல வந்துட்டிருக்கறாங்கண்ணா. ஃபோன் ஆஃப்ல இருக்குது."

"சரி அம்மிணி. பக்கத்துல யாராச்சும் இருக்கறாங்களா? அவங்ககிட்டக் குடு."

சரோஜா அக்கா வாங்கிப் பேசினார். "அண்ணே, வணக்கம்ணே. நெஜமாவே ஒன்னும் இல்லண்ணே. இந்தப் பொண்ணு படத்த தப்பா மாட்டிருச்சு. ஆமாண்ணே, நான் பக்கத்துலயேதான் இருக்கேன். பாத்துக்குறேன்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவரு நம்பல லா. ஒன்ன தனியா வுட்டுறாதீங்கன்னு எங்கிட்ட சொல்லுறாரு."

மணி இரண்டேகால். விஷயம் தெளிந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். எல்லாம் என்னிடமிருந்துதான் கிளம்பியது; நான் அனுப்பிய படம் கரூர் போய், அழுகையாக மாறி, செய்தியாக என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. அறிவுக்கு இது புரிந்தது. ஆனால் ஒரு மணி நேரம் என் மகள் இல்லாத உலகத்தில் இருந்துவிட்டு வந்தவள் நான். அங்கிருந்து திரும்ப, அவள் குரலைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பேருந்து நிறுவனத்தைக் கூப்பிட்டோம். பேருந்து நேரத்துக்கு வந்துவிட்டது, டிக்கெட்டில் பெயர் இருக்கிறது, ஆள் ஏறியதா என்று தெரியாது என்றார்கள். சரோஜா அக்கா பட்டர்வொர்த்தில் வேன் ஓட்டும் தன் தோழியிடம் சொல்லி முனையத்தில் தேடச் சொன்னார். இல்லை என்று பதில் வந்தது. பேருந்து நேரத்துக்கு வந்துவிட்டது; அப்படியானால் இவள் எங்கே போனாள்?

அக்கா விளக்கை மலையேற்றினார். மல்லிகையை எடுத்தார். படத்தையும் கழற்றக் கை நீட்டியபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாட்டியது என் தவறு. ஆனால் இப்போது கழற்றினால் ஏதோ முடிந்துபோய்விடும் என்று தோன்றியது. படித்தவள், ஆலையில் பழுது கண்டுபிடிப்பதே வேலையாக இருப்பவள். என்றாலும் அப்படித்தான் தோன்றியது. "சரி, இருக்கட்டும்," என்று அக்கா மைலோ கலக்கப் போனார்.

எதிரே உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி, மூன்றரை. பார்க்கப் பார்க்க ஒரு புதிய பயம் வந்தது. படத்தில் வகிடு இடப்பக்கம் இருந்தது. நிவேதாவுக்கு வகிடு எந்தப் பக்கம்? எனக்கு நினைவுக்கு வரவில்லை. பத்து வயதுவரை நான்தான் வாரி விட்டேன், நடு வகிடு எடுத்து இரட்டைச் சடை. அதன் பிறகு? மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், போகிறாள். போலீஸுக்குப் போக நேர்ந்தால் அடையாளம் கேட்பார்களே, என்ன சொல்வேன்? கைப்பேசியில் அவள் படங்களைத் தேடிப் பார்க்க நினைத்தேன். திறந்தபோதெல்லாம் இரங்கல் செய்திகள் வந்து மூடின. தெரியாத எண்களிலிருந்து கைகூப்பிய படங்கள், அணையாத தீபங்கள், 'மகளின் ஆன்மா சாந்தியடையட்டும்'. ஒவ்வொன்றையும் பார்க்காமல் தள்ளினேன்.

அவற்றுக்கு நடுவில்தான், தெரியாத எண் ஒன்றிலிருந்து காலை ஒன்பதேமுக்காலுக்கு வந்த செய்தியையும் தள்ளிவிட்டிருக்கிறேன்: 'அம்மா, என் ஃபோன் சார்ஜ் ஏறல, இது தர்ஷினி நம்பர். பஸ் வேணாம், அவ அப்பா கார்ல வர்றோம். நிபோங் திபால்ல அவங்க வீட்ல சாப்ட்டுட்டு சாயந்திரம் வரேன்.' இது பிறகுதான் தெரிந்தது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசல் கிரில் கம்பியில் யாரோ சாவியால் தட்டும் சத்தம் கேட்டது. அப்படித் தட்டுவது ஒரே ஆள்தான். நான் எழுவதற்குள் சரோஜா அக்கா ஓடிப்போய்த் திறந்தார். திறந்த வேகத்தில் அவள் முதுகில் பளாரென்று ஒன்று வைத்துவிட்டு, தானே அழத் தொடங்கினார்.

"ஆண்ட்டி! எதுக்கு லா அடிக்கிறீங்க?"

தோளில் பை, கையில் ஒரு பொட்டலம் ரம்புத்தான் பழம். நிவேதா. நான் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து முதலில் வகிட்டைப் பார்த்தேன். வலப்பக்கம். அதன் பிறகுதான் அணைத்துக்கொண்டேன். வேர்வையும் கடற்காற்றும் கலந்த வாசனை. அண்ணனுக்கு வீடியோ அழைப்பு போட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் ஒன்றும் புரியாமல், "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். கரூரில் அண்ணன் வீட்டு ஹால் முழுக்க ஆட்கள்.  அண்ணன் திரையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் தலைக்குப் பின்னால் அம்மாவின் படமும், அந்த யாரோ ஒருவருடைய தோளும், சிவப்பு விளக்கும் தெரிந்தன. இந்தப் பக்கம் எங்கள் தலைகளுக்குப் பின்னால் இந்தப் படம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணியின் பார்வை போன இடத்தைப் பார்த்து நிவேதாவும் திரும்பினாள். சுவர் அருகே போய், கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"யாரும்மா இது? நான் இல்லையே," என்றாள். "யாரோ ஒரு பொண்ண நம்ம வீட்ல மாட்டி வெச்சிருக்கீங்க. இவங்க வீட்ல தேட மாட்டாங்களா?"